தரவு சேகரிப்பு நடைபெற்று வருகிறது

ஜூலையில் எங்கள் துறையில் டிசி நடந்தது. பிஎச்.டி. ஆய்வு மாணவர்களின் முன்னேற்றத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கும் டாக்டோரல் கமிட்டியை இங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதியில் அதற்கு ஆய்வு ஆலோசனைக் குழு என்று நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, தருமபுரியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. (அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் "இவ்ளோ பெரியவங்களுக்கு எதுக்கு மேடம் டிசி குடுக்கறீங்க, எங்க போறாங்க?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த டிசி பள்ளிக்கூடத்தில் கொடுப்பது.)

பத்தரைக்குத் தொடங்க வேண்டியது. சேலத்திலிருந்து வர வேண்டிய வெளி உறுப்பினர் தொப்பூர் கணவாயில் ஏதோ லாரி கவிழ்ந்ததால் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார், அதற்குள் டீ இரண்டு தடவை வந்து ஆறிப்போனது, புரொஜெக்டர் வேலை செய்யாது என்பதும் தெரிந்துபோனது. லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மூன்றாவதாக வந்தவர் பார்ட் டைம் ஸ்காலர், பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர். அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் வாய்மொழி வரலாறுதான் அவருடைய தலைப்பு. நல்ல தலைப்பு, நான்தான் பிடித்து இழுத்து அதற்குள் கொண்டுவந்தேன். ஒன்பதாவது ஸ்லைடில் வந்தது அந்த வரி: "தரவு சேகரிப்பு நடைபெற்று வருகிறது." ஜனவரியில் காட்டிய அதே ஸ்லைடு. தேதியை மட்டும் மாற்றியிருந்தார், அதிலும் ஓர் இடத்தில் மாற்ற மறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்துக்கு முன்னால் கூச்சம் வந்தது. ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது.

நான் 2009-ல் பார்ட் டைமாகப் பதிவு செய்தவள். அப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை, வாரத்தில் ஐந்தரை நாள் வகுப்பு, மீதி நேரத்தில் அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கைடு இருந்தது வேறு ஊரில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முன்னேற்ற அறிக்கையை டைப் அடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு தடவை நான் போய்ச் சேர்வதற்குள் அவர் காரில் கிளம்பிவிட்டார், என்னைப் பார்த்ததும் நிறுத்தி இறங்கி, பானட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பேனா என்னுடையது. "எல்லாம் போயிட்டிருக்கில்லம்மா?" என்றார். "போயிட்டிருக்கு சார்" என்றேன். அந்த அரையாண்டுக்கான வழிகாட்டுதல் அவ்வளவுதான். அந்தத் தாளில் இருந்த வரியைத்தான் பதினாறு வருடம் கழித்து என் ஸ்காலர் எனக்கே காட்டினார்.

என் கைடு கெட்டவர் இல்லை. ஸ்காலரை வீட்டு வேலைக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர, கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவின் சாப்பாட்டுச் செலவுக்கு என்று பயன்படுத்துகிறவர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை தெரியும், என் கைடு அந்தக் கதைகளில் வரவே மாட்டார். ஆனால் என்ன எழுதியிருக்கிறாய், காட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமே எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பேன், 2012-லேயே எழுத உட்கார்ந்திருப்பேன். நான் முழு ஆய்வேட்டையும் எழுதியது கடைசிப் பதினான்கு மாதத்தில், எக்ஸ்டென்ஷன் கட்டணம் கட்டிய பயத்தில். 2017-ல் வைவா முடிந்தது. அந்தப் புத்தகத்தை இப்போது எடுத்துப் படித்தால் மூன்றாவது இயலில் இருக்கும் அவசரம் எனக்கே தெரிகிறது.

சரி, விதி என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிவு செய்தவர்களிலேயே பாதிப் பேர் படிப்பதில்லை. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, மொத்தம் எட்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு வருடம், ஆக பத்து. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. கோர்ஸ் வொர்க் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. அப்புறம் முக்கியமானது: ஒவ்வொரு செமஸ்டரும் ஸ்காலர் கமிட்டி முன்னால் வந்து, செய்த வேலையைப் பேசி, சுருக்கமாக ஓர் அறிக்கையும் கொடுக்க வேண்டும். திருப்தியாக இல்லையென்றால் கமிட்டி காரணத்தை எழுதி, என்ன திருத்த வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதையும் அவர் செய்யாவிட்டால் காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். இந்த விதியில் நான் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே யோசித்து எழுதியிருக்கிறார்கள். முன்பு ஆய்வேட்டுக்கு முன்னால் கட்டாயமாகக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று இருந்ததை யுஜிசி எடுத்துவிட்டதும் எனக்குச் சரியென்றே படுகிறது, அதை வைத்துப் பிழைத்த போலி இதழ்கள் எத்தனை என்று ஆராய்ச்சி செய்தவர்களுக்குத் தெரியும்.

பிரச்சினை படிவத்தில் இருக்கிறது. கடைசியில் "திருப்தி / திருப்தியில்லை" என்று இரண்டு கட்டம். இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்து நான் என் சர்வீஸில் பார்த்ததே இல்லை. அடித்தால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் அது கைடைப் பற்றிய காரணமாகவும் ஆகிவிடும், வெளியிலிருந்து வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், போன வருடம் அவருடைய ஸ்காலருக்கு நாம் போய்த் திருப்தி என்று போட்டுவிட்டு வந்திருக்கிறோம். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான் இதுவும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்தில் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது, பெரும்பாலும் பெங்களூரா ரகம், கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். குத்தகைக்கு எடுப்பவர் தை மாதம் பூவைப் பார்க்க வருவார், அப்புறம் பிஞ்சு பிடித்ததும் வருவார், நடுவில் ஒரு மழை பெய்தால் மறுநாள் காலையிலேயே டிவிஎஸ் வண்டி சத்தம் கேட்கும், எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் மட்டும் எங்கள் டிசி மாதிரி ஜனவரிக்கு ஒரு தடவை, ஜூலைக்கு ஒரு தடவை என்று வந்திருந்தால் முதல் தடவை பூவையும் அடுத்த தடவை வெறும் இலையையும்தான் பார்த்திருப்பார்.

கைடுஷிப் கிடைத்தபோது அதனால்தான் மாதா மாதம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். உதவிப் பேராசிரியருக்கு நான்கு பேர் வரை எடுக்கலாம், என் நான்கு இடமும் நிரம்பிவிட்டது. முதலில் கூகுள் ஷீட் போட்டுக் கொடுத்தேன், ஒவ்வொரு இயலும் எவ்வளவு முடிந்தது என்று அவர்களே சதவீதம் போட வேண்டும். இரண்டே மாதத்தில் எல்லோரும் புத்திசாலியாகிவிட்டார்கள். 60, 65, 70 என்று நல்ல பிள்ளையாக ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் இயல் 65 சதவீதம் முடிந்தது என்றால் என்னப்பா அர்த்தம் என்று கேட்டால், "மனசுல இருக்கு மேடம், எழுதணும் அவ்ளோதான்" என்று பதில். ஷீட்டை அப்படியே விட்டுவிட்டேன், இப்போதும் எங்கேயோ 70-ல் நிற்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் புளி மண்டிக்காரர்கள் கணக்கெழுதும் நீள நோட்டு, சிவப்பு அட்டை போட்டது, ஒன்று வாங்கினேன். ஒருவருக்கு இருபது தாள் பிரித்துக் கொடுத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணி. வரும்போது எழுதிய இரண்டு பக்கமாவது கையில் இருக்க வேண்டும், தாளில் இருக்க வேண்டும், பிபிடி கிடையாது. கட்டங்கள் நான்கு: தேதி, கொண்டு வந்தது, பக்கம், அடுத்த மாதம் கொண்டு வருவதாகச் சொன்னது. கடைசிக் கட்டத்தை அவர்கள் கையாலேயே எழுத வைப்பேன், ஏனென்றால் நான் எழுதினால் அடுத்த மாதம் "நான் அப்படிச் சொல்லல மேடம்" என்று வரும்.

ஒரு வருடம் கழித்து ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ஏன் வரவில்லை. அந்த நோட்டிலேயே பிரயோஜனமான கட்டம் அதுதான். தனித்தனியாகக் கேட்கும்போது சாக்கு மாதிரி இருந்ததெல்லாம் வரிசையாகப் படித்தால் வேறு மாதிரி இருந்தது. பள்ளி ஆசிரியருக்கு பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணி, தேர்தல் வந்தால் அந்த டியூட்டி, மே மாதம் சொந்தத்தில் மூன்று கல்யாணம், ஜூனில் புது அட்மிஷன். வருடத்தில் ஐந்து மாதம் அவர் எழுத முடியாது, அது சோம்பேறித்தனம் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருக்கு ஜூலையிலிருந்து ஜனவரி வரைக்கும் மட்டும் திட்டம் போட்டோம், மற்ற மாதங்களில் வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் போதும் என்றேன். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் ஒரு கமிட்டி பார்த்து சரி என்றால் 42,000 என்று பணத்தோடேயே ஒரு கண்காணிப்பு வருகிறது. பார்ட் டைம்காரர்களை அப்படிக் கேட்க யாரும் இல்லை, கட்டணம் கட்டினீர்களா என்று கேட்கும் அலுவலகத்தைத் தவிர.

நடுகல் பற்றிச் செய்கிற பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரூர் பக்கத்தில் ஏரிக்கரையிலும் கொல்லையிலும் கிடக்கும் கல்லையெல்லாம் தேடிப்போய்ப் படம் எடுக்கிறவன், அவன் போன் திறந்தால் சொந்த அம்மா படத்தைவிட வட்டெழுத்துதான் அதிகம். இந்தப் பக்கம் பல ஊரில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வருஷக்கணக்காக எண்ணெய் ஊற்றி மஞ்சள் பூசி எழுத்தெல்லாம் மூடிக் கிடக்கும், துடைக்க வேண்டுமென்றால் பூசாரியிடம் கேட்க வேண்டும், அவர் நாள் பார்த்துச் சொல்வார், அன்றைக்குத் தண்ணீர், பிரஷ், மை, தாள் எல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் படியெடுத்து, திரும்பப் பூஜை போட்டுவிட்டு வர வேண்டும். இதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனாலேயே ஒன்றரை வருடம் அவனை எழுதச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக் கல் வரும். "இன்னும் ஒண்ணு இருக்காம் மேடம், தீர்த்தமலை பக்கம், அதையும் பாத்துட்டா..." நோட்டில் பக்கம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக இறங்கிக்கொண்டே போனது.

ஒரு நாள் சொன்னேன், உன்னிடம் இருப்பதில் ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள், நீ எதைப் பார்த்தாயோ அதை மட்டும் இரண்டு பக்கம் எழுது, முன்னுரை வேண்டாம், அறிஞர்கள் சொன்னது வேண்டாம். அடுத்த மாதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. வீரன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், வில் எந்தக் கையில், மூன்றாவது வரியில் "தொறு" என்ற சொல்லில் கடைசி எழுத்து ஏன் சந்தேகம் (தொறு என்றால் மாட்டு மந்தை, அதை மீட்கப் போய் செத்தவனுக்குத்தான் இந்தக் கல்), பூசாரி வீட்டு ஆயா அந்தக் கல்லை ஏன் தங்கள் தாத்தா என்கிறாள். படித்து முடித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை, அவன் பயந்துவிட்டான். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒன்றரைப் பக்கத்திலிருந்துதான் வளர்ந்தது, இப்போது நாற்பதில் நிற்கிறது.

இன்னொருவர் இதற்கு நேர்மாறு. ஏரிப் பாசனம் பற்றிச் செய்கிற பெண், குழந்தை பிறந்து விடுப்பு முடிந்த பிறகும் வரவில்லை. போன் அடித்தால் கணவர்தான் எடுப்பார், "தூங்கறாங்க மேடம், எழுந்ததும் பேசச் சொல்றேன்." அப்புறம் அதுவும் இல்லை. மூன்று மாதம் "ஏன்" கட்டத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டேன். ஊருக்குப் போகிற வழியில்தான் அவர்கள் கிராமம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமலே போய் நின்றேன். சொல்லாமல் போனது தப்புதான், மாமியார் பாவம் அரக்கப் பரக்கப் பாய் எடுத்துப் போட்டு, "களி கிண்டியிருக்கேன், அவரைக்கொட்டைக் குழம்பு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை, ரத்து செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாளாம். கடைசியில் பீரோ மேலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினாள். உள்ளே கையால் எழுதிய அறுபது பக்கத்துக்கு மேல். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதியது, சில பக்கத்தில் பாலாடைக் கறை. ஏன்டீ இதைக் காட்டவில்லை என்று உரிமையாகத் திட்டிவிட்டேன். "இன்னும் சரியா வரல மேடம். நல்லா எழுதிட்டு ஒரேடியா கொண்டு வரலாம்னு."

ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். மதகு திறக்கும் முறை, எந்த ஊருக்கு எத்தனை நாழிகை தண்ணீர், தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டி என்ற ஆளுக்குக் களத்தில் எவ்வளவு ராகி கொடுத்தார்கள் என்பதெல்லாம் இருந்தது, நடுநடுவே குழந்தை தாளைப் பிடித்து இழுத்தது. நன்றாகத்தான் இருந்தது, சரியாக வராத இடங்களும் இருந்தன, அதைத்தான் நான் பார்க்க வேண்டும். களி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். எழுதாமல் இருப்பவரையும் எழுதி மறைத்து வைத்திருப்பவரையும் ஆறுமாதப் படிவத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டிலும் முன்னேற்றம் திருப்தி என்றுதான் போட்டிருப்போம்.

நான்காவது பையன் இப்போதுதான் கோர்ஸ் வொர்க் முடித்திருக்கிறான், அவனைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்கிறான், பார்ப்போம் எத்தனை மாதம் என்று.

மறுபடியும் டிசிக்கு வருகிறேன். பள்ளி ஆசிரியர் ஒன்பதாவது ஸ்லைடைக் காட்டி முடித்ததும் வெளி உறுப்பினர் இரண்டு கேள்வி கேட்டார், வழக்கமான கேள்விகள். எத்தனை பேரைப் பேட்டி எடுத்தீர்கள் என்றார். "ஐம்பத்தி மூணு பேர் சார், எல்லாம் போன்ல ரெக்கார்டு இருக்கு." எத்தனை எழுத்தில் இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் சிவப்பு நோட்டுக்கும் தெரியும், அதை அந்த அறையில் நான் கேட்பேன் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

படிவம் என் முன்னால் வந்தபோது இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன். வெளி உறுப்பினர் கண்ணாடியை இறக்கி, "மேடம், மாத்திப் போட்டுட்டீங்க போல" என்றார். இல்லை சார் என்றேன். காரணம்: பேட்டிகள் பெயர்த்து எழுதப்படவில்லை. திருத்தம்: டிசம்பருக்குள் இருபது பேட்டிகள் எழுத்து வடிவில், ஓர் இயலின் வரைவு முப்பது பக்கம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன், நெறியாளர், அதாவது நான், மாதந்தோறும் பார்த்தும் இதை வற்புறுத்தவில்லை என்று. அதை அடித்துவிடச் சொன்னார்கள், துறைக்குக் கெட்ட பெயர் என்று. அரை மணி நேரம் பேச்சு போனது, அந்த வரியை விட்டுக்கொடுத்தேன், டிக்கை விடவில்லை. வெளியே வந்தபோது பள்ளி ஆசிரியர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார், வழக்கமாக எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வருவது அவர்தான்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவர் வரவில்லை. போனும் இல்லை. மற்றவர்களிடம், மேடத்துக்கு என் மேல் என்ன கோபமோ என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. நாற்பத்தாறு வயது ஆள், பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவர், அவருக்கு ஃபெயில் மார்க் போட்டது மாதிரி ஆகிவிட்டது. இரண்டு இரவு எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை, பேசாமல் திருப்தி என்றே போட்டிருக்கலாமோ என்று ஒரு மனம். நான் கார் பானட் மேல் வாங்கிய கையெழுத்தும் ஞாபகம் வந்தது, அப்போது எவ்வளவு சந்தோஷமாக பஸ் ஏறினேன் என்பதும்.

நேற்று ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப். வணக்கம் கூட இல்லை. திறந்து பார்த்தால் ஒரு பேட்டி, பக்க எண் ஏழு வரை, நடுவில் நான்கிலிருந்து நேராக ஆறுக்குத் தாவியிருந்தது. 1980-களில் ஒகேனக்கல் ரோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து தன் பதினாறாவது வயதில் மேஸ்திரியோடு பெங்களூர் போன ஒருவர் பேசுகிறார். முதல் நாள் ராத்திரி கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலேயே சிமெண்ட் சாக்கு விரித்துப் படுத்தார்களாம், ஊரில் இருந்து கொண்டுபோன ராகி மாவைக் கிண்டத் துடுப்பு இல்லாமல் சென்ட்ரிங் பலகையைச் சீவி எடுத்தார்களாம். கன்னடம் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலின் பாதியில் பக்கம் முடிந்து, மீதி ஐந்தாம் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் இல்லை.

"ஐந்தாம் பக்கம் எங்கே?" என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. காலையில் நோட்டை எடுத்துத் தேதி போட்டு, பக்கம் என்ற இடத்தில் 6 என்று எழுதியிருக்கிறேன், பென்சிலில்.